பாலத்துக்கு மேலே மேயர், கீழே மேயரின் மனைவி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. படிக்கக் கூடாத நேரத்தில் படித்ததால் வந்து சேர்ந்தது.

மார்ல்ஃபோர்ட் நகரசபையின் பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஏட்டை விரிக்க வேண்டும், கண்ணாடியை வைத்து அழுத்த வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், புரட்ட வேண்டும். நின்று படிக்கக் கூடாது. படித்தால் அன்றைக்கு முடிக்க வேண்டிய பக்கங்கள் நின்றுபோகும். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை நின்றேன். இந்த வரியில்:

‘1581, பிப்ரவரி பதினேழு. கீழ்ச் சிறையில் தண்ணீர். மேயர் தம் கையால் கதவைத் திறந்தார். இன்று சபை கூடவில்லை, உட்கார இடமில்லாததால்.’

வெள்ளம் வருவது இந்த ஊருக்குப் புதிதல்ல. என் வீட்டுக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. மேயர் கதவைத் திறந்ததும் சரி. ஆனால் இருபத்து நான்கு நாற்காலிகள் கிடக்கிற சபையில் உட்கார இடமில்லை என்றால், அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்?

பின்னால் புரட்டினேன். பிறகு முன்னால் புரட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரங்களிலும் விடுமுறை நாட்களிலுமாக இரண்டு வருடம் போனது. சபைக் குறிப்புகளில் கொஞ்சம், தேவாலயப் பதிவுகளில் கொஞ்சம், உதிரித் தாள்களில் கொஞ்சம் கிடைத்தது. மீதியை நான் போட்டேன். எங்கே நான் போட்டேன் என்பதை முடிந்தவரை சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் மறந்துபோயிருக்கலாம்.

2

முதல் வரியை நான்கு முறை எழுதினேன்.

‘மேயர் ஜெர்வேஸ் ஹோல்ட்பி ஜன்னலருகே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஆயிரம்—’

(கதைகளில் வரும் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஏனோ ஜன்னலருகேயே நிற்கிறார்கள். இவர் துணி வியாபாரி. ஜன்னல் இவருக்கு வெளிச்சத்தில் துணியின் நிறம் பார்க்க.)

‘எலிசபெத் அரசி ஆண்ட இருபத்து மூன்றாம் ஆண்டில்—’

(பரீட்சைக்குப் படிப்பது போல இருக்கிறது.)

மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கம். நான்காவது இது: ஜெர்வேஸ் ஹோல்ட்பி நாற்பது ஆடு வைத்திருந்த ஒரு மலைக்காட்டுக்காரரின் இரண்டாவது மகன்.

நாற்பது ஆடும் அண்ணனுக்குப் போகும் என்பதால் இவனை மார்ல்ஃபோர்ட்டில் தாமஸ் லண்டின் துணிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். லண்டுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் உர்சுலா. இவனைவிட ஒரு வயது பெரியவள். கடையில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு முழம் துணி வெளியே போகாது. ஜெர்வேஸ் முதன்முதலில் தனியாக ஒரு துணிக்கட்டை வாங்கிக்கொண்டு வந்த நாளில் அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நீளத்த மட்டும் அளந்து வாங்கிட்டு வந்திருக்கியே, அகலம் என்ன ஆச்சு? இத வச்சு சட்டை தைக்க முடியாது. வேணும்னா மாட்டக் கட்டலாம்.”

அவன் திரும்பிப் போய் விற்றவனோடு சண்டை போட்டு வேறு கட்டு வாங்கி வந்தான். பத்து வருடம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டான். மாமனார் இறந்தபின் கடைப் பலகையில் ஹோல்ட்பி என்று எழுதினார்கள். ஆனால் ஊரில் வெகுகாலம் அது லண்ட் கடைதான்.

(ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷில் அந்தக் காலத்தில் நீயும் இருந்தது, நீங்களும் இருந்தது. இப்போது ஒன்றுதான் மிச்சம். இந்தக் கதையை இந்த ஊர் பாஷையில் எழுதியிருந்தால் உர்சுலா தன் புருஷனை எப்படிக் கூப்பிட்டாள் என்பதை எழுதவே முடிந்திருக்காது. தமிழில் முடிகிறது. வெளியாட்கள் முன்னால் பெரும்பாலும் ‘நீங்க’. வீட்டில் கடைசிவரை ‘நீ’. என்னைக் கேட்டால், இளைஞனாக இருந்தபோது அவன், பதவிகள் வந்தபின் அவர் என்று மாற்றிக்கொள்கிறேன். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.)

பதவிகள் வந்தன. வணிகர் சங்கத்தில் செயலர், நகரத்தின் பொருளாளர், பிறகு சபையின் மூத்த உறுப்பினர்களில் ஒருவராகச் சிவப்பு மேலங்கி. நடுவே தங்கள் தேவாலயத்தின் நிர்வாகி. எல்லாம் நன்றாகச் செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒழுங்காகச் செய்தார். மட்டமான துணியை மட்டம் என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுகிற வியாபாரி என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில்தான் ஓட்டு விழுந்தது.

3

ஏழு குழந்தைகள். ஐந்து பேர் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார்கள். மகள் மில்லிசென்ட்டும் மகன் வால்ட்டரும் வளர்ந்தார்கள். 1578 அக்டோபரில் சந்தைக்குத் துணி ஏற்றிப் போன வால்ட்டர் காய்ச்சலோடு திரும்பி வந்தான். ஆறாம் நாள் இறந்தான். பத்தொன்பது வயது.

இது பதிவேட்டில் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் முதல் உர்சுலா தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினாள் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது இல்லை.

முதல் பிரதியில் அவள் வீட்டு மாடியில் தடை செய்யப்பட்ட பழைய கத்தோலிக்க மதத்தின் குரு ஒருவரை ஒளித்து வைத்தேன். மரப்பலகைக்குப் பின்னால் ரகசிய அறை, தேடி வரும் வீரர்கள், எல்லாம் வைத்தேன். இருபது பக்கம் போனபின் உர்சுலா அந்தக் குருவோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். அவளுக்கு அவர் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறார். அனுப்பிவிட்டேன்.

பிறகு தோன்றியது இது. (இது நான் போட்டது. ஆனால் இதை நம்புகிறேன்.)

பழைய முறையில் ஒருவர் இறந்த முப்பதாம் நாள் தேவாலயத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். அரசி கொண்டுவந்த புதிய முறையில் அது கிடையாது. செத்தவர்களுக்காக ஜெபிப்பது மூடப் பழக்கம், சட்ட விரோதம். உர்சுலாவுக்கு அதுவரை பழையதும் புதியதும் ஒன்றுதான். போகச் சொன்ன இடத்துக்குப் போய், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தவள். முப்பதாம் நாள் காலை போதகரிடம் போய் மகன் பெயரைச் சொல்லக் கேட்டாள். அவர் முடியாது என்றார். வீட்டுக்கு வந்தாள். ஹோல்ட்பி கடையில் கம்பளித் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பேரைச் சொல்லச் சொன்னேன். வால்ட்டர்னு ஒத்த வார்த்தை. அதச் சொன்னா அரசி தலையில இருந்து கிரீடம் கழண்டு விழுந்துருமா?”

“சட்டம் அப்படி, உர்சுலா. சொன்னா அவர் வேலை போயிரும்.”

“அவர் வேலை போயிரும்னு உனக்குக் கவலை. சரி, அந்தக் கோயில் நிர்வாகி யாரு?”

“நான்தான்.”

“நீ நிர்வாகியா இருக்குற கோயில்ல உன் மகன் பேரச் சொல்லக் கூடாது. அப்ப எனக்கு அங்க என்ன வேலை?”

ஹோல்ட்பி சுருட்டிய துணியைப் பிரித்து மறுபடி சுருட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

4

இரண்டு வருடம் ஓடியது. வருகைப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ‘உடல்நலமில்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். கடைக்கு வந்து அவள் கையால் துணி வாங்கிப் போனவர்கள்தான் அப்படி எழுதியதும். ஊர் அப்படித்தான் ஓடும்.

1580 செப்டம்பரில் ஹோல்ட்பி மேயரானார். அதோடு பிரச்சினை வந்தது. தேவாலயத்தில் மேயருக்கு முன்வரிசையில் செதுக்கு வேலை செய்த இருக்கை உண்டு. பக்கத்தில் மேயரின் மனைவிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர் முழுக்க அந்தக் காலி இருக்கையைப் பார்த்தது. அதில் போட்டிருந்த மெத்தையைக்கூடப் பார்த்தது.

வடக்குப் பகுதிக்கு அரசி நியமித்திருந்த ஆளுநரிடமிருந்து நவம்பரில் கடிதம் வந்தது. தேவாலயத்துக்கு வராத பெண்களைச் சபை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், திருந்தாதவர்களைச் சிறையில் வைக்க வேண்டும், ஆளுநரின் கடிதம் இல்லாமல் விடக் கூடாது. இணைப்பில் பெயர்ப் பட்டியல்.

பட்டியலை மேயர்தான் சபையில் படிக்க வேண்டும். படித்தார். படித்து முடித்ததும் ராண்டல் ஃபிராஸ்ட் எழுந்தார். தோல் பதனிடும் தொழில் செய்பவர். அடுத்த மேயர் தான்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தவர்.

“மேயர் ஐயா, அஞ்சு பேருன்னு கடிதத்துல போட்டிருக்கு. நீங்க நாலு பேரத்தான் படிச்சீங்க.”

“அஞ்சாவது எழுத்து சரியாத் தெரியல.”

“இங்க குடுங்க. என் கண்ணு நல்ல கண்ணு.”

“வேணாம். நானே படிக்கிறேன்.” தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். “உர்சுலா ஹோல்ட்பி.”

மறுநாள் ஐந்து பெண்களும் வந்தார்கள். ஒரு கசாப்புக்காரர் மனைவி, இரண்டு தையல்காரர்களின் மனைவிகள், எலன் சார்ட் என்ற வயதான விதவை, மேயரின் மனைவி. ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு உர்சுலா சொன்ன பதிலைச் சபை எழுத்தர் மைல்ஸ் பீக் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: ‘மனம் ஒப்பவில்லை என்றாள். ஏன் ஒப்பவில்லை என்று மேயர் கேட்டதற்கு, கேட்டவருக்கே தெரியும் என்றாள்.’

யோசிக்க டிசம்பர் முடியும்வரை நேரம் கொடுத்தார்கள். ஐந்து பேரும் யோசித்துவிட்டு அதையே சொன்னார்கள். ஜனவரி ஐந்தாம் தேதி மேயர் உத்தரவில் கையெழுத்திட்டார்.

இந்த இடத்தில் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கே பதவியை வீசியிருக்கலாமே? வீசினால் ஃபிராஸ்ட் மேயராவார், அவள் நிலைமை இன்னும் மோசமாகும் என்று நினைத்திருப்பார் என்று ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். அது நான் அவருக்காக வாதாடியது. ஆட்டுக்காரர் மகன், முப்பது வருடம் ஏறி வந்த படி, விட மனமில்லை என்றும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கையெழுத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நடுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. மற்ற நாட்களைப் போலவே சுத்தமாக இருக்கிறது.

5

அன்றைய மார்ல்ஃபோர்ட்டில் சபை கூடியது பாலத்தின் மேல். கரையோரக் கடைசி வளைவின்மீது கட்டிய கல் மண்டபம் அது. அதற்கு நேர் கீழே, பாலத்தின் காலுக்குள்ளேயே, சிறை. இரண்டு தளம். மேல் தளத்தில் திருடர்கள். கீழ்த் தளத்தில், தண்ணீருக்கு மூன்று படி மேலே, இந்த ஐந்து பெண்கள். சபையின் தரை வெறும் பலகை. ஒரு மூலையில் பாலத்தின் காலை ஒட்டிப் புகைபோக்கி ஒன்று கீழ்த் தளம்வரை இறங்கியது. அடுப்பு எப்போதோ அடைபட்டுவிட்டது. குழாய் மட்டும் இருந்தது. மேலே தும்மினால் கீழே கேட்கும்.

தினமும் நண்பகலில் ஹோல்ட்பி சாப்பாட்டுக் கூடையோடு கீழே இறங்கினார். ஆட்களை அனுப்பவில்லை, தானே தூக்கிக்கொண்டு போனார். முதல் வாரம் அவள் கதவிலிருந்த திறப்பு வழியே கூடையை வாங்கி மற்றவர்களோடு பங்கிட்டாள். அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசினாள்.

“நேத்து ஃபிராஸ்ட் விஷயத்துல நீ வாயத் தொறக்காம இருந்தது தப்பு.”

“எந்த விஷயம்?”

“தோல் ஊறவச்ச சுண்ணாம்புத் தண்ணிய பாலத்துக்கு மேல் பக்கம் ஆத்துல விடலாமான்னு கேட்டான். எல்லாரும் சரின்னாங்க. நீயும் சும்மா இருந்த.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“என் தலைக்கு மேல உக்காந்துதான கத்துறீங்க. அந்தத் தண்ணி முதல்ல எங்க வரும்? இந்த ஜன்னலுக்கு வரும். அப்புறம் சாயப் பட்டறைக்கு. உன் நீலத் துணியெல்லாம் கறை பிடிக்கட்டும், அப்பத் தெரியும்.”

“சரி, சரி. ரொட்டிய சாப்பிடு, ஆறிப்போகுது.”

“ஆறித்தான் கொண்டு வர.”

ஜனவரி பதினான்காம் தேதிக் குறிப்பு: ‘கழிவுநீர் பற்றிய நேற்று முன்தினத் தீர்மானத்தை மேயர் திரும்ப எடுத்துக்கொண்டார்.’ ஆறு வாரங்களில் இப்படி ஐந்து தீர்மானங்கள் மறுநாளோ அதற்கு மறுநாளோ மாறியிருக்கின்றன. சந்தைக் கடைகளின் இடம், கிணற்றுச் சுவர், தானிய மூட்டைகளின் அளவு, எல்லாம். (கீழே நடந்த பேச்சு நான் போட்டது. தீர்மானங்கள் மாறியது நிஜம்.) ஜனவரி கடைசியில் சபை உறுப்பினர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். ‘சபையின் தரையில் நாணல் கனமாகப் பரப்ப வேண்டும் என்று திரு. ஃபிராஸ்ட் கேட்டுக்கொண்டார்’ என்று ஒரு வரி இருக்கிறது. குளிருக்காக என்று காரணம் சொல்லியிருக்கிறார். புகைபோக்கியைப் பற்றி அவருக்குத் தெரியாதுபோல.

இதை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கீழே ஈரம் சுவரில் வழிந்தது. தையல்காரர் மனைவிகள் இருவருக்கும் இருமல். எலன் சார்ட்டுக்கு முழங்கால் வீங்கி, பிப்ரவரி தொடக்கத்தில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

6

பிப்ரவரியில் மலையில் பனி உருகியது. அதன் மேல் மூன்று நாள் மழை. பதினேழாம் தேதி காலை சபை கூடவிருந்த நேரத்தில் சிறைக்காவலர் ஹாப் முட்டிவரை நனைந்து உள்ளே வந்தார்.

“கீழ எல்லாப் படியும் முங்கிருச்சுங்க ஐயா. அறைக்குள்ள கணுக்காலுக்கு வந்துருச்சு. இன்னும் ஏறுது.”

கீழ் அறையின் சாவி சபையில் ஒரு பெட்டிக்குள், ஆளுநரின் முத்திரையோடு இருந்தது. முத்திரையை உடைப்பது அரசியின் கையைத் தட்டிவிடுவது மாதிரி.

“ஆளுநருக்கு ஆள அனுப்புவோம்,” என்றார் ஃபிராஸ்ட். “ரெண்டு நாள்ல பதில் வந்துரும்.”

“ரெண்டு நாள்ல தண்ணி இங்க வந்துரும்,” என்றார் ஹாப்.

“நீ காவலாளி. உன்ன யாரும் கேக்கல.”

பேச்சு வளர்ந்தது. முத்திரையை உடைக்காமல் பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினால் சட்டப்படி அது உடைப்பதாகுமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஹோல்ட்பி பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது புகைபோக்கி மூலையிலிருந்து குரல் வந்தது.

“ஜெர்வேஸ்! எலனால நிக்க முடியல, நாங்க தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கோம். முடிவெடுக்குறதுன்னா எடு. இல்லன்னா கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

ஹோல்ட்பி எழுந்தார். எழுத்தரின் பேனாக் கத்தியை எடுத்து முத்திரையைப் பிளந்தார். “பீக், நான்தான் உடைச்சேன்னு எழுதிக்க. வேற யாரு பேரையும் போடாத,” என்று சொல்லிவிட்டு மேலங்கியைக் கழற்றாமலேயே படி இறங்கினார்.

கதவு உள்ளே தண்ணீர் அழுத்தியதால் திறக்கவில்லை. அவரும் ஹாப்பும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கசாப்புக்காரர் மனைவி எலனை முதுகில் தூக்கிக்கொண்டு முதலில் வந்தாள். உர்சுலா கடைசியில் வந்தாள். பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. இருவரும் படியில் எதிரெதிரே நின்றார்கள். (இங்கே அவர் அவள் கையைப் பிடித்ததாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது.)

“மேல் அறைக்காரங்களையும் திற,” என்றாள். “அவங்களும் மனுசங்கதான்.”

திறந்தார். பாலத்தின் இரண்டு முனையிலும் தெருவில் தண்ணீர். எங்கும் போக முடியாது. வீட்டுக்கு அனுப்பினால் அது கைதிகளைத் தப்பவிட்டதாகவும் ஆகும். காய்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் சிறையிருக்கும் அதே கட்டடம். கைதிகள் முப்பத்தொரு பேரையும் சபைக்குள் கூட்டி வந்து, உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தார்கள். தன் நாற்காலியை ஹோல்ட்பி மனைவிக்குக் காட்டினார். அவள் அதில் எலனை உட்கார வைத்துக் காலைத் துடைத்துவிட்டாள்.

“என் நாற்காலியில குதிரைத் திருடன் உக்காந்திருக்கான்!” என்று ஃபிராஸ்ட் கத்தினார்.

குதிரைத் திருடன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தான். “நல்ல நாற்காலிங்கய்யா. நீங்களும் உக்காரணுமா? கொஞ்சம் தள்ளிக்கிறேன்.”

மைல்ஸ் பீக் நின்றுகொண்டே எழுதினார்: இன்று சபை கூடவில்லை, உட்கார இடமில்லாததால்.

7

தண்ணீர் நான்கு நாளில் வடிந்தது. திருடர்களில் இரண்டு பேரைக் காணவில்லை. குதிரைத் திருடன் இருந்தான். கீழ் அறைச் சுவர் இடிந்துவிட்டதால் பெண்களை, ஈஸ்டர்வரை வீட்டுக் காவலில், அனுப்பிவைத்தார்கள். எலன் சார்ட் மார்ச் இரண்டாம் தேதி தன் மருமகள் வீட்டில் இறந்தாள்.

ஆளுநரின் கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது. முத்திரையை உடைத்தது பெரிய குற்றம். ஆனால் ஈஸ்டர் ஞாயிறன்று மேயரின் மனைவி தன் இருக்கையில் வந்து உட்கார்ந்தால் விஷயத்தைப் பெரிதுபடுத்தப்போவதில்லை. வராவிட்டால் ஹோல்ட்பியின் பதவிகள் பறிக்கப்படும், அவரை ஆளுநரின் கோட்டைக்கு விசாரணைக்குக் கொண்டுபோவார்கள்.

கவனித்துப் பாருங்கள். இதுவரை அவளுக்கு ஆபத்து, அவர் கையில் பேனா. இப்போது அவருக்கு ஆபத்து, முடிவு அவள் கையில்.

ஹோல்ட்பி கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஈஸ்டருக்கு முன் இறைச்சி விலக்கும் தவக்காலம் என்பதால் தினமும் உப்பிட்ட மீன். மூன்று பேரும் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். மீனைப் பற்றிப் பேசினார்கள். மில்லிசென்ட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயது. கோடையில் கல்யாணம் வைத்திருந்தது.

“அம்மா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. போய் உக்காரு. வாயத் தொறக்க வேணாம், காதையும் தொறக்க வேணாம்.”

“அப்பா கேக்கச் சொன்னாரா?”

“அவரு எங்க கேட்டாரு! கேக்கச் சொல்லி நான்தான் அவரக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன். மாட்டேங்குறாரு.”

“என்ன சொல்றாரு?”

“‘உங்கம்மாகிட்ட ஒரு தடவ சட்டம்னு சொல்லிட்டேன், அது போதும்’ங்குறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

உர்சுலா வெகுநேரம் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “உனக்குப் புரிய வேணாம்,” என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை முற்பகல், சபைக் குறிப்பு: ‘ஜெர்வேஸ் ஹோல்ட்பி மேயர் பதவியையும் சபையில் தம் இடத்தையும் தாமே விட்டார். சிவப்பு மேலங்கியை மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன என்று நான் கேட்டேன். நாளைக்கு அவள்மேல் இந்தப் பாரம் இருக்கக் கூடாது என்றார்.’

நான் என்பது மைல்ஸ் பீக். முப்பது வருடம் அவர் எழுதிய குறிப்புகளில் ‘நான்’ என்று எழுதியது இந்த ஒரு இடத்தில்தான்.

8

பிறகு என்ன ஆனது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மே மாதம் ஹோல்ட்பியைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு வாரம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். ஃபிராஸ்ட் மேயரானார். மோசமான மேயர் என்று சொல்ல முடியாது. சிறையின் கீழ்த் தளத்தை மூடிவிட்டார். மில்லிசென்ட் கல்யாணம் ஒரு வருடம் தள்ளி நடந்தது. கடை நடந்தது. இன்னும் பதினோரு வருடம் ஹோல்ட்பி அந்தக் கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உயிலில் ஒரு வரி: ‘வீடும் கடையும் என் மனைவி உர்சுலாவுக்கு. நான் சொன்ன எதையும் அவள் கேட்டதில்லை. ஆகவே அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விடுகிறேன்.’

மேலங்கியை மேசைமேல் வைத்துவிட்டு வந்ததை அவர் அன்று வீட்டில் சொன்னாரா என்பது தெரியவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று அவள் போனாளா என்பதும் தெரியவில்லை. அந்த வருடத்து வருகைப் பட்டியலே இல்லை.

ஆனால் வேறொன்று இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொல்லைப்புற மதில் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். மதில் எப்போது கட்டியது என்று மில்லிசென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் சொன்னதை எழுதிய தாளைப் போன மாதம்தான் பார்த்தேன். நான் படம் எடுக்க வேண்டிய தாள் கட்டுகளில் அது இல்லை. பேச்சாகவே மாற்றித் தருகிறேன்:

“மதில் அந்த ஈஸ்டருக்கு முன்னாலயே இருந்துச்சுங்க. எப்படித் தெரியும்னா, அன்னிக்குக் காலைல நான் அதுமேலதான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா வெளிய போற மேலாடையப் போட்டுக்கிட்டு வந்து, கையுறை எங்கன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். ஒண்ண மாட்டினாங்க. அப்ப அப்பா வாசலுக்கு வந்து அவங்க பக்கத்துல நின்னு ஏதோ சொன்னாரு. கோயில் மணியெல்லாம் அடிச்சதுல எனக்குக் கேக்கல. அதக் கேட்டுட்டு அம்மா—”

இங்கே வழக்கறிஞர் குறுக்கிட்டு, மதிலைப் பற்றி மட்டும் சொல்லும்படி சாட்சியைக் கேட்டுக்கொண்டார். அவள் அதன்பின் மதிலைப் பற்றி மட்டும் சொன்னாள். மதில் அவர்களுடையது என்று தீர்ப்பானது.

நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பதவியை நேற்றே விட்டுவிட்டேன் என்றார், அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அல்லது, அதைச் சொன்னார், இனி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதாலேயே அவள் நடந்து போனாள், காலி இருக்கையில் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மூன்றாவதில் அவர் பதவியைப் பற்றி எதுவும் பேசவில்லை. வால்ட்டர் என்று மட்டும் சொன்னார். அதை எழுதியபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அது எனக்கு வேண்டிய முடிவு. அவர்களுடையதா என்று தெரியாது.

அதனால் வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு கையில் கையுறை ஏறிவிட்டது. இன்னொன்றை விரலில் பிடித்திருக்கிறாள். ஊரில் இருக்கிற அத்தனை மணியும் அடிக்கிறது. அவர் வாய் அசைகிறது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். நீங்கள் என்னைவிடக் கிட்டத்தில் இருக்கிறீர்கள். என்ன சொன்னார்?